மழை குறைவான மாநிலம்

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் நான் கெமிஸ்ட். மருந்துக் கலவையைச் சோதித்து நான் கையெழுத்துப் போட்டால்தான் அது அடுத்த அறைக்குப் போகும். பதினைந்து வருடமாக இதே வேலை. வீட்டில் இருக்கும்போது ரோட்டில் லாரி டயர் வெடித்தால்கூட என் கை போனைத் தேடும். இந்தப் பயம் எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பம் போட்டோம்.

என் படிப்புக்கும் அனுபவத்துக்கும் கிடைத்த மதிப்பெண் மட்டும் போதவில்லை. அங்குள்ள ஏதாவது ஒரு மாநில அரசு, இவர் எங்களுக்கு வேண்டும் என்று கைகாட்ட வேண்டும். அதுவும் என் நாற்பதாவது பிறந்த நாளுக்கு முன்னால் அழைப்பு வந்தாக வேண்டும். வயது ஏறினால் மதிப்பெண் இறங்கிவிடும். எங்களுக்குத் தோதாக இரண்டு மாநிலங்கள் இருந்தன. வேறு யாரிடமும் கேட்காதீர்கள், எங்களை மட்டும் கேளுங்கள் என்று இரண்டுமே கறாராகச் சொல்லின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருத்தங்கல் வீட்டில் நானும் கணவரும் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒன்று தெற்கே, வெயிலும் வறட்சியுமான மாநிலம். இன்னொன்று தீவு, அடிக்கடி மழை. நான் முதலில் தேடியது வேலையையும் இல்லை, வீட்டு வாடகையையும் இல்லை. மாதத்துக்கு எத்தனை நாள் மழை, காற்றில் எவ்வளவு ஈரம் என்று தேடினேன். அவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். ஈரக்காற்றில் காகிதம் உப்பிக் கலர் விலகுகிறது என்று ஐப்பசி முழுக்க வானத்தைத் திட்டுகிறவர். "அம்புட்டு மழையா? நமக்குச் சரிப்படாது" என்றார். பத்தே நிமிடத்தில் தெற்கு மாநிலத்தை டிக் செய்து அனுப்பிவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கம்பெனியில் மழை பிடித்துக்கொண்டது. காயப் போட்டிருந்ததை எல்லாம் அவசரமாக அள்ளி உள்ளே வைத்துவிட்டு, வேலையை நிறுத்தி எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, காலையில் கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். என் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு தகரக் கூரைக்கு அடியில் நின்றேன். பக்கத்தில் திரி செருகுகிற அக்கா ஒருவர், பாதி நாள் கூலி போச்சே என்று முனகினார். பிறகு அவரே, "போனாப் போகுது. இன்னைக்கு ஒண்ணும் வெடிக்காதுல்ல. நிம்மதியா வீட்டுக்குப் போலாம்" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. வருடம் பூராவும் என் நெஞ்சு படபடக்காமல் இருக்கிற நாள் மழை நாள்தான். அந்த நாளைத்தான் வேண்டாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பட்டாசை விட்டு ஓடுகிறவள், பட்டாசு காய்வதற்குத் தோதான ஊராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். என் மேலேயே எரிச்சலாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். "என்னங்க, அத மாத்திருவோம். தீவுக்கே போடுவோம்."

"ஏன், அங்கன என்ன இருக்கு?"

"மழை இருக்கு. நாம என்ன, அங்கன போயும் வெடியா காயப் போடப் போறோம்?"

"நான் காயிதத்த நெனச்சுச் சொல்லிட்டேன்" என்றார். "ஆனா இப்ப மாத்துனா லேட்டாகுமே. பெறந்த நாளு வந்துருமே."

"தெரியும். மாத்துங்க."

மாற்றினோம். மூன்றாவது வாரமே, தெற்கு மாநிலம் கெமிஸ்டுகளைக் கூப்பிட்ட செய்தி, எங்களைப் போல விண்ணப்பம் போட்டவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. அவர் அதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

வருகிற வியாழக்கிழமை பிறந்த நாள். சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் நேராக கேட்டுக்குத்தான் போகிறேன். நான் தூரத்தில் வரும்போதே வாட்ச்மேன் என் போனை எடுத்து வைத்துவிடுகிறார். இன்றும் ஒன்றும் வரவில்லை. வெயில் கொளுத்துகிறது. காயப் போட நல்ல நாள் என்று ஃபோர்மேன் சந்தோஷமாகச் சொல்கிறார். நான் மருந்தைச் சோதித்து, கையெழுத்துப் போட்டு, அடுத்த அறைக்கு அனுப்புகிறேன்.