நிலைப்படியில் பிடித்த கால்

பிச்சமுத்து செத்த மறுநாளிலிருந்து சந்திரம்மாளின் கால்கள் வாசல் நிலைப்படியில் ஒட்டிக்கொண்டன. கூடத்தில் நடப்பாள். சமையல்கட்டுக்குப் போவாள். வாசலுக்கு வந்தால் மட்டும் யாரோ குனிந்து இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொள்வார்கள். தெரிந்த பிடிதான். டவுன் பஸ் கண்டக்டர் பிச்சமுத்து எதைப் பிடித்தாலும் பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரிதான் பிடிப்பார், பெண்டாட்டி கையைக்கூட.

சந்திரம்மாளுக்குப் பார்க்கின்சன் வந்து சில வருஷமாகிறது. கை நடுங்கும், நடை சிறுத்துவிட்டது. ஆனால் இப்படிச் சிலையாக நின்றதில்லை. மாத்திரையோ தீரப்போகிறது. புத்தூர் டாக்டர் நேரில் பார்க்காமல் எழுதித் தரமாட்டார்.

"அப்பாதாம்மா விட மாட்டேங்கிறாரு" என்றாள் மகள் ஜோதி. "ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் மந்திரிக்கிறாராம். ஆனா மாத்திரைய நிறுத்திட்டாத்தான் வருவாராம்."

மாத்திரையை நிறுத்தினால் உடம்பு கட்டையாகிவிடும் என்று சந்திரம்மாளுக்குத் தெரியும். டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னாள்.

"துக்கமும் பயமும் சேர்ந்தா கார்டிசால்னு ஒரு ஹார்மோன் ஏறும்மா" என்றார் அவர். "ஏற்கெனவே தடுமாறுற மூளைக்கு அது கூடுதல் சுமை. குறுகலான இடத்துல கால் உறைஞ்சுடும். முன்னாடி வாசல எப்படித் தாண்டுவீங்க?"

"கோலத்தை மிதிக்காமத் தாண்டிக் காலை வெப்பேங்க."

"இப்ப கோலம் இல்லையா?"

"எழவு வீட்ல ஏதுங்க கோலம்?"

"அந்தக் கோடுதான் உங்க கால எடுக்க வெச்சிருக்கு. ஏதாவது கோடு போடுங்க."

"காரியம் முடியறதுக்குள்ளயா? சொந்தக்காரங்க காறித் துப்புவாங்க" என்றாள் ஜோதி.

காய் நறுக்கியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பேட்ரிசியா எழுந்துபோய்ச் சாக்பீஸ் கொண்டுவந்தாள். நிலைப்படியிலிருந்து தெருவரை கட்டம் கட்டமாகக் கோடு இழுத்தாள்.

"என்னக்கா இது?"

"பாண்டி. எழவு வீட்ல பாண்டி ஆடக் கூடாதுன்னு உங்க சாத்திரத்துல இருந்தா காட்டு, அழிச்சுடறேன்."

ஜோதி ஆட்டோ கூப்பிடப் போனாள்.

சந்திரம்மாள் முதல் கோட்டைப் பார்த்தாள். கால் எழும்பியது. கோடு கோடாகத் தாண்டி ஆட்டோவரை வந்துவிட்டாள். ஆட்டோப் படியில் கோடு இல்லை. கணுக்காலில் மறுபடியும் அந்தப் பிடி விழுந்தது.

அப்போது முதுகுக்குப் பின்னால் விசில் கேட்டது. இரண்டு தடவை. ஒரு விசில் என்றால் பஸ் நிற்கும், இரண்டு என்றால் போகலாம். பிடி விட்டது, கால் படியேறியது.

"மெயின்ரோட்டு பஸ்ஸா இருக்கும்" என்றாள் பேட்ரிசியா. ஆனால் விசில் வந்தது வீட்டுக்குள்ளிருந்து.

சந்திரம்மாள் யாருமில்லாத நிலைப்படியைப் பார்த்தாள்.

"போயிட்டு வரேங்க" என்றாள்.