வாடை வந்தால் ஜன்னலை மூடு

எங்கள் திருவொற்றியூர் பக்கம் மூக்கில் ஏதாவது ஏறினால் முதலில் ஜன்னலை மூடுவோம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. காற்று திரும்பினால் ஆலை வாடை வீட்டுக்குள் வந்துவிடும். மூட வேண்டும், கதவடியில் ஈரத்துணி வைக்க வேண்டும், காற்று மாறும்வரை பொறுக்க வேண்டும். இதில் என்னை மிஞ்ச ஆளில்லை. "மாமா செம பிராக்டிகல்" என்று மருமகளே சொல்வாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மனைவி கோயிலுக்கும் மகன் வேலைக்கும் போயிருந்தார்கள். மருமகள் காய்ந்த துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள். கைக்குழந்தை, என் பேத்தி, கூடத்தில் பாயில் தூங்கினாள். நான் சாமி அலமாரியில் விளக்கேற்றிக் கும்பிட்டு உட்கார்ந்திருந்தேன். அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாடை வந்தது.

"ஆரம்பிச்சிட்டானுங்க" என்று முணுமுணுத்தபடி எழுந்து எல்லா ஜன்னலையும் மூடினேன். கதவடியில் துணி வைத்தேன். வாடை குறையவில்லை, ஏறியது. முருகா என்று சொல்லிக் குழந்தை நெற்றியில் திருநீறு பூசினேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு மருமகள் வந்தாள்.

"இன்னா மாமா, எல்லாத்தையும் மூடிக்கினு கீறீங்க?"

"ஆலை நாத்தம்மா. கதவ சாத்து."

"மாடில ஒரு நாத்தமும் இல்லியே!"

ஒரு நொடி நின்றாள். மூக்கை உறிஞ்சினாள். சமையலறைப் பக்கம் பார்த்தாள். அடுத்து நேரே அலமாரிக்குப் போய், எரிகிற விளக்கை வாயால் ஊதி அணைத்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூவால் அல்லவா குளிரவைப்போம்! அதுவும் வெள்ளிக்கிழமையில்! "அடிப்பாவி, சாமி வெளக்கும்மா அது!" என்று கத்திவிட்டேன்.

"கேஸு மாமா! புள்ளைய தூக்கினு எறங்கு! சுவிட்ச்ச தொடாத!"

ஒருநாளும் என்னை மரியாதை குறைத்துப் பேசாதவள். அப்போதுதான் என் காலுக்கு உயிர் வந்தது. குழந்தையை அள்ளிக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

தெருவில் பஜ்ஜி போடுகிற அம்மா சிரித்தாள். "இன்னா மாமா, பேத்திய தூக்கினு ரேஸா?" நான் திரும்பி நிமிர்ந்து பார்த்தேன். மேலே எங்கள் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

மருமகள் இறங்கி வந்தாள். "டியூப்பு கிழிஞ்சி கீது மாமா. சிலிண்டர மூடிட்டேன். அந்த கேஸு தரையோடதான் தேங்குமாம்."

தரையோடு. குழந்தை படுத்திருந்தது தரையில். கேஸ் வெளியே போக இருந்த வழியையெல்லாம் பார்த்துப் பார்த்து அடைத்தவன் நான். கண்ணெதிரே இருப்பதைப் பார்க்காமல் கை பழகினதைச் செய்வதையா இத்தனை நாள் புத்தி என்று நினைத்திருந்தேன்?

குழந்தை சிணுங்கி, வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் படியில் உட்கார்ந்தேன். மருமகள் அவளை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"உனக்கு பயமாவே இல்லியாம்மா?"

"இப்பதான் மாமா வருது" என்றாள். குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த அவள் கை அப்படி நடுங்கியது. நான் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.