எண்ணெய் தடவாத சுவர்

அத்தானுக்கு எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் போடத் தோன்றும். கதவுக் கீல், தையல் மிஷின், மடக்குக் குடை, அக்காவின் கைப்பை ஜிப், எல்லாம் அவர் கையால் எண்ணெய் குடித்தவை. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேர் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் இவர் தயவில்தான் என்று அக்கா சொல்வாள். அது கேலியா பெருமையா என்று அவள் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வேலை முடிந்து வந்ததும் சோப்புத்தூள் போட்டு முழங்கை வரை கழுவுவார். அப்படியும் நகக்கண்களில் மெல்லிய கறுப்புப் பிறைகள் மிச்சமிருக்கும்.

இந்த மனிதர் கேக் செய்யக் கிளம்பியது, அக்கா வாயை விட்டதால்.

அக்கா ஒரு கண் மருத்துவமனையில் கண்ணாடிக்கு அளவு பார்க்கிறாள். அங்கே மருந்து கொடுக்கும் அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். அடுத்தவள் புருஷனைப் பற்றி நாலு வார்த்தை பேசாவிட்டால் அவளுக்கு மதியச் சாப்பாடு இறங்காது. பெரிய டாக்டர் ஓய்வு பெறுகிறார், வெள்ளிக்கிழமை விழாவுக்கு யார் என்ன கொண்டுவருவது என்று பேச்சு வந்தபோது, "நீ உன் வீட்டுக்காரர்கிட்ட ஒரு டப்பா கிரீஸ் வாங்கிட்டு வா. அவருக்கு வேற என்ன தெரியும்" என்றாளாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், "கேக் அவர்தான் செய்றார்" என்று சொல்லிவிட்டாள்.

அதுவரை அத்தான் ஒரு முட்டையைக்கூட அவித்ததில்லை.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்று சாப்பிடும்போது கேட்டார்.

"தெரியலை. வந்துடுச்சு."

"கடையில வாங்கிட்டுப் போயேன்."

"அவ மோந்து பாத்தே கண்டுபிடிச்சிடுவா." அக்கா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்களை அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கலைங்க. அவ்வளவுதான்."

அத்தான் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் மாலை வட்டமான கேக் டின் ஒன்றும், முட்டை அடிக்கிற பீட்டரும், சின்னத் தராசும் வாங்கிவந்தார். வீட்டில் ஓவன் ஏற்கெனவே இருந்தது. கல்யாணத்துக்கு வந்த பரிசு. இத்தனை நாளும் ரொட்டி டப்பாவைத் தாங்கும் மேசையாக உழைத்துக்கொண்டிருந்தது.

வேலை என்று வந்துவிட்டால் அவர் நிதானம் வேறு. முட்டைகளை முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்துக் குளிர் போகவிட்டார். உடைத்து எடை பார்த்து, அதில் பாதி எடைக்குச் சர்க்கரை, அதே அளவு மாவு. முட்டையும் சர்க்கரையும் அடிபட்டு வெளுத்து, பீட்டரைத் தூக்கினால் நாடா போல வழிந்து, வழிந்த கோடு சற்று நேரம் அழியாமல் கிடக்க வேண்டும். பிறகு சலித்த மாவைத் தூவி, நுரை சாகாமல் அடியிலிருந்து அள்ளி அள்ளிப் புரட்ட வேண்டும். கனத்த ஸ்பானர் பிடித்த கை அதை ஒரு தூங்கும் குழந்தையைப் புரட்டுவது போலச் செய்தது.

கேக் ஏறியது. கண்ணாடிக் கதவு வழியாக, அவர்கள் வீட்டில் தங்கியிருந்த நானும் சேர்ந்து மூன்று பேரும் பார்த்தோம். டின்னின் விளிம்பு வரை வந்தது. வெளியே எடுத்து மேசையில் வைத்ததும் டின்னின் சுவரை விட்டு விலகி, மெதுவாக இறங்கி, நடுவில் பள்ளம் விழுந்தது. யாரோ வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன மெத்தை போல இருந்தது.

"கட்டடம் எழும்புது. குடி வர்றதுக்குள்ள இறங்கிடுது" என்றாள் அக்கா.

"சூடு பத்தலை" என்றார் அத்தான்.

அடுத்த தடவை சூட்டைக் கூட்டினார். அதற்கடுத்த தடவை முட்டையை மாற்றினார். அடுப்படியில் யாரும் அதிர்ந்து நடக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. கேக் ஏறும், இறங்கும். சுவை நன்றாகவே இருந்ததால் பள்ளங்களையெல்லாம் நாங்கள் சாப்பிட்டோம். அக்கா குறை சொல்லவில்லை. ஆனால் மருத்துவமனையிலிருந்து வந்ததும், "அவ இன்னிக்கும் கேட்டா" என்று மட்டும் சொல்வாள்.

ஒவ்வொரு முறையும் அத்தான் ஒரு காரியத்தைப் போன முறையைவிட அதிகமாகச் செய்தார். டின்னுக்கு எண்ணெய் தடவினார். பிரஷ்ஷால் அடியிலிருந்து விளிம்பு வரை, பளபளவென்று.

"ஏறுற பொருளுக்கு வழி வழுக்கணும் மாப்ளே" என்றார் என்னிடம். "தண்டவாளத்துல எண்ணெய் காஞ்சா லிஃப்ட் எப்படி முனகும் தெரியுமா."

புதன்கிழமை அவர் டின்னுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எங்கோ ஒரு லிஃப்ட்டில் ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். "கதவைத் தள்ளாதீங்க. அப்படியே உக்காந்துக்குங்க. காத்து வரும், பயப்படாதீங்க. பக்கத்துல ஆள் இருக்கான், அனுப்பிட்டேன்னு நினைச்சுக்குங்க." தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, அடித்த நுரை காத்திருக்காது என்பதால், கலவையை டின்னில் ஊற்றி ஓவனுக்குள் தள்ளினார். பிறகு பக்கத்தில் இருக்கும் ஆளை அழைத்து அனுப்பினார்.

அந்தக் கேக் சரிவாக வந்தது. ஒரு பக்கம் வழக்கம் போலப் பள்ளம். மறுபக்கம் டின்னின் விளிம்பில் தலை நிமிர்ந்து நின்றது.

அத்தான் ரசமட்டத்தை எடுத்துவந்து ஓவன் மேல் வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. தரையில் வைத்தார். அங்கேயும் நடுவில்தான்.

"வீடு நேராத்தான் இருக்கு. ஆளுதான்" என்றாள் அக்கா. அவள் டின்னைக் கவிழ்த்துத் தட்டினாள். இறங்கிய பக்கம் லேசாகக் கழன்றது. நிமிர்ந்த பக்கம் வரமாட்டேன் என்றது. கத்தியை விட்டுத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. "பாருங்க, இந்தப் பக்கம் சுவரோட ஒட்டிக்கிட்டு விடவே மாட்டேங்குது."

அத்தான் டின்னை வாங்கி உள்பக்கம் விரலை ஓட்டினார். பாதி வட்டம் வழுக்கியது. போன் அடித்த இடத்திலிருந்து மீதி வட்டம் காய்ந்திருந்தது. அவர் விரல் அங்கேயே நின்றது.

"கயிறு அறுந்தா லிஃப்டை எது பிடிக்குது தெரியுமா?" என்றார்.

"நீங்கதான்னு நினைச்சேன்" என்றாள் அக்கா.

"தாடைன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு பக்கமும் தண்டவாளத்தைக் கவ்விக்கும். அது கவ்வினாத்தான் லிஃப்ட் நிக்கும். இதுக்குக் கயிறே கிடையாது. சுவரைப் பிடிச்சுத்தான் ஏறணும், பிடிச்சுத்தான் நிக்கணும். நான் தினமும் அதோட கையை வழுக்கி விட்டிருக்கேன்."

அக்கா கத்தியைத் துடைத்து வைத்தாள். "அப்போ கிரீஸ்தான் குத்தம்."

"அந்தம்மாகிட்ட சொல்லித் தொலைச்சிடாதே."

வியாழக்கிழமை சாயங்காலம் டின்னைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் காயவைத்தார். அடியில் மட்டும் ஒரு வட்டக் காகிதம். சுவரில் ஒன்றுமில்லை. எண்ணெய்க் குப்பி பக்கம் அவர் கை ஒருமுறை தானாகப் போனதையும் திரும்பி வந்ததையும் பார்த்தேன்.

கேக் வெந்ததும், வெளியே எடுத்த கையோடு டின்னைத் தலைகீழாகத் திருப்பி, ஒரே உயரமான இரண்டு டம்ளர்கள் மேல் விளிம்பு படும்படி கவிழ்த்து வைத்தார். அக்கா பதறிவிட்டாள்.

"என்னங்க இது, விழுந்துடப் போகுது."

"உள்ளே இன்னும் ஈரம். நிமித்தி வச்சா தன் கனத்துலயே உக்காந்துடும். தொங்கவிட்டா நீளும்."

"விழுந்தா நாளைக்கு நான் லீவு."

"விழாது. பிடிச்சிருக்கு."

டின் ஆறும் வரை யாரும் அந்த அறையை விட்டுப் போகவில்லை. அக்கா கன்னத்தை மேசையில் வைத்து, இரண்டு டம்ளர்களுக்கும் நடுவே கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் குமிழியைச் சும்மா இங்கேயும் அங்கேயும் ஓடவிட்டார். ஆறியபிறகு மெல்லிய கத்தியைச் சுவரோரமாக ஒரு சுற்று விட்டுத் தட்டில் கவிழ்த்தார். பள்ளமில்லை, சரிவில்லை. அக்கா விரலால் மேலே மெதுவாக அழுத்தினாள். குழிந்த இடம் விரலைத் தொடர்ந்து மேலே வந்தது.

"லிஃப்ட் வேலை செய்யுது" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் வீடு திரும்பியபோது டப்பாவில் ஒரே ஒரு துண்டு இருந்தது, காகிதத்தில் சுற்றி. அதை அத்தானிடம் நீட்டினாள்.

"டாக்டர் சாப்பிட்டாரா?"

"ரெண்டு துண்டு."

"அந்தம்மா?"

"இவ்வளவு மெத்துனு இருக்கே, என்ன போட்டார்னு கேட்டா. ஒண்ணு போடாம விட்டார், அதான்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"வாய் நிறைய கேக். என்ன சொல்லுவா?"

அத்தான் நின்றபடியே துண்டைத் தின்று முடித்தார். கை கழுவப் போனார். குழாய் திருகும்போது கீச்சென்றது. எண்ணெய்க் குப்பியை எடுக்க அலமாரியைத் திறந்தார். அதற்குள் அக்கா அங்கிருந்த கேக் டின்னை எடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு, வேறு அறைக்குப் போனாள்.