செட்டு மாத்திரையும் அம்மாவின் குடலும்

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் அம்மாவுக்கு முட்டை பொறுக்கும் வேலை. கொண்டை வெளுத்திருந்தால் அந்தக் கோழிக்குச் சீக்கு என்று பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். கூண்டுகளுக்கு நடுவே குனிந்து நிமிர்ந்து, மதியத்துக்குள் அவள் முட்டி இரண்டும் வீங்கிவிடும். வீடு திரும்பும் வழியில் மருந்துக்கடையில் நின்று, "முட்டி வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்பாள். மூன்று நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரியில் சேர்ந்த வருடம் அந்த மடிப்பைப் பிரித்து, அட்டையில் இருந்ததைப் படித்துப் பார்த்தேன். "இந்த வலி மாத்திரை வயித்தைப் புண்ணாக்கும்மா. வெறும் வயித்துல ஒரு கேஸ் மாத்திரை போட்டுக்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். பண்ணையில் மற்ற பெண்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்.

போன வருடம் அம்மாவுக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ரத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. மலத்தில் ரத்தம் கசிவதாகப் பரிசோதனையில் தெரிந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், கீழே பெருங்குடலையும் பார்த்தார்கள். எங்கும் புண் இல்லை. எங்கள் தெருவில் ஒரு அத்தை குடலில் புற்று வந்து செத்துப்போயிருந்தாள். அந்தப் பயம் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது.

சேலத்தில் பெரிய டாக்டரிடம் போனபோது படிவத்தை நான்தான் நிரப்பினேன். 'தற்போது சாப்பிடும் மருந்துகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று அழகாக எழுதினேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. எங்களுக்கு மருந்து என்றால் டாக்டர் சீட்டு எழுதித் தருவது. செட்டு என்பது டீ குடிப்பது மாதிரி.

அம்மா ஒரு கேமரா மாத்திரையை விழுங்க வேண்டியிருந்தது. அது சிறுகுடல் முழுக்கப் படம் எடுத்துக்கொண்டே போய் மலத்தோடு வந்துவிடும் என்றார் நர்ஸ்.

"ஏனுங்க, அதக் கழுவித் திருப்பிக் குடுக்கோணுங்களா?" என்று அம்மா கேட்டாள். நர்ஸ் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

முடிவு சொல்லும் நாளில் டாக்டர் படங்களைக் காட்டினார். சிறுகுடலில் அங்கங்கே சின்னச் சின்னப் புண்கள்.

"வலிக்கு என்னம்மா போடறீங்க?"

"மாத்திரையெல்லாம் போடறதில்லீங்க. செட்டு மட்டுந்தானுங்க, தினமும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "கேஸ் மாத்திரையும் போட்டுக்கிட்டுதான் இருந்தாங்க" என்றேன்.

"அது இரைப்பைக்குத்தாம்மா காவல். அமிலத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். சிறுகுடல்ல வலி மாத்திரையே உள்தோலைக் கெடுக்குது. அங்க கேஸ் மாத்திரை காப்பாத்தாது."

"புற்று இல்லீங்களே?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லை. வலி மாத்திரையை நிறுத்தினா ஆறிடும்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத அம்மா, "அழுவறத அப்பறம் அழுவு சாமி, எனக்குப் பசிக்குது" என்றாள். எதிர் கடையில் ஆளுக்கு இரண்டு செட் பூரி தின்றோம்.

அடுத்த வாரம் பண்ணைக்குப் போய், நான் முன்பு சொன்னது பாதிதான் சரி என்று அந்தப் பெண்களிடம் சொன்னேன். "படிச்ச புள்ளயே மாத்திப் பேசறா" என்று ஒருத்தி நக்கலடித்தாள். ஆனாலும் இரண்டு பேர் ரத்தப் பரிசோதனைக்கு என்னோடு வந்தார்கள்.

அம்மாவுக்கு முட்டி இன்னும் வலிக்கிறது. டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி காலை நீட்டி மடக்குகிறாள், சுடுதண்ணி ஒத்தடம் வைக்கிறாள். ரத்தம் ஏறிவிட்டது. ஆனாலும் காலையில் அவள் பண்ணைக்குக் கிளம்பும் முன் கண்ணின் கீழிமையை இழுத்து, வெளுத்திருக்கிறதா என்று பார்க்காமல் நான் விடுவதில்லை. அசையாமல் நின்று காட்டிவிட்டு, தினமும் ஒரே கேள்வியைக் கேட்கிறாள்.

"கொண்டை செவந்திருக்குதா சாமி?"