கறைபடாமல் திரும்பிய புத்தகம்

ஜொகூர் பாருவில் நான் புத்தகக் கடை வைத்திருந்தபோது, தம்போய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுக்கும் ஒருவர் வந்தார். ஒடிசலான மனிதர். எழுத்து தெரியாது. ஆனாலும் விரல்களில் காய்ந்திருந்த ரப்பர் பாலை ஒரு பொட்டு விடாமல் உரித்த பிறகுதான் புத்தகத்தைத் தொட்டார்.

“எம் மக தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ரெண்டாவது படிக்குதுங்க. அதுக்கு ஏத்ததா நீங்களே ஒன்னு பாத்துக் குடுங்க.”

படம் போட்ட கதைப் புத்தகம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. பிள்ளைகளுக்கு நீதிநூல்தான் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். கனமான செய்யுள் புத்தகம் ஒன்றை நீட்டினேன்.

மூன்று மாதம் கழித்து அதைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். அன்றுபோலவே விரல்களில் ஒட்டிய பாலை உரித்துவிட்டுத் துணியைப் பிரித்தார்.

“ஐயா குடுத்தது ஒசத்தியான புத்தகம். அவ மண்டையிலதான் ஏறல. படிப்பு வராதுன்னு தெரிஞ்சுபோச்சு, மரத்துல காஞ்ச ஒட்டுப்பால் பொறுக்க அனுப்பிட்டேன். இது வேற புள்ளைக்காவது ஆவட்டும்.”

குறை பிள்ளையிடம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அந்தச் செய்யுள்களில் பாதி எனக்கே விளங்கியதில்லை என்பதையும் சொல்ல வேண்டிவரும். புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். அதில் ஒரு கறைகூட இல்லை.