அமாவாசைக்கு மறுநாள்

பாகான் டாலாமில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் கடல். தண்ணீர் வற்றும் காலைகளில் பக்கத்து வீட்டு அக்காவும் நானும் இன்னும் சில பெண்களும் சேற்றில் இறங்கிச் சிப்பி எடுப்போம். பாதத்தால் தடவிச் சிப்பியைக் கண்டுபிடிக்க அக்காவுக்குக் காட்டிக்கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னை யாரும் கேட்கப்போவதில்லை.

அந்தக் கடலில் மண் கொட்டிக் கட்டடம் எழுப்பப்போவதாகப் பேச்சு வந்த சமயம், ஓவியம் படித்த ஒரு பெண் எங்களைத் தேடி வந்தாள். சிப்பி எடுப்பவர்களின் பேச்சைப் பதிவுசெய்து கண்காட்சி வைக்கப்போகிறாளாம். புது ஆளைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். அக்கா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அமாவாசை வந்தா தண்ணி அப்படியே ஓடிடும் லா. அன்னைக்கு எங்களுக்குத் தீபாவளிதான்!"

பொய். அன்றைக்கு நாங்கள் சேற்றில் கால் வைக்கவே மாட்டோம். வெளியே போய்த் திருத்தியிருக்கலாம். மாட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கண்காட்சி கடலுக்கு அக்கரையில் ஜார்ஜ் டவுனில், ஒரு பழைய கிடங்கில் நடந்தது. பெர்ரியில் போனோம். கூரையிலிருந்து நூல்நூலாகச் சிப்பி ஓடுகள் தொங்கின. நடுவில் சேறு பரப்பிய பெரிய தட்டு. அதன்மேல் ஓவியப் பெண் அக்காவின் இரண்டு கைகளை வெள்ளையாக அச்செடுத்து வைத்திருந்தாள். வளைந்த சுண்டுவிரல்கூட அப்படியே இருந்தது. நான் என் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். ஒலிபெருக்கியில் அக்காவின் குரல்: "நான் காலாலேயே தேடிடுவேன்." யார் காட்டிக்கொடுத்தது என்று ஒரு வார்த்தை இல்லை.

பிறகு எல்லோரையும் உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். கட்டடக் கம்பெனிக்காரர் ஒருவர் எழுந்தார். மரியாதையாகத்தான் மலாயில் பேசினார்.

"இந்தம்மா குரலே அமாவாசை என்று சொல்கிறது. இரண்டு அமாவாசைக்கு எங்கள் ஆட்கள் விடியற்காலையிலேயே போய் நின்றார்கள். ஒருவர்கூட வரவில்லை. அந்தக் கரையை யாரும் பயன்படுத்துவதில்லை என்றுதானே நான் அறிக்கையில் எழுத வேண்டும்?"

மைக் அக்கா கையில். அவள் அதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தாள். அத்தனை கண்ணும் அவள்மேல். அந்த நிமிடம் எனக்கு இனித்தது. பொய் சொல்லாமல் எழுதுகிறேன், இனித்தது.

கம்பெனிக்காரர் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் உறைத்தது. அவர் எழுதினால் அக்காவின் சேறு மட்டுமா போகும்? என் சேறும்தான். அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"அமாவாசைக்குக் கவிச்சி தொடமாட்டோம்னு சொல்லுக்கா. மறுநாள்தான் இறங்குவோம்னு சொல்லு."

அக்கா நிமிர்ந்து கம்பெனிக்காரரைப் பார்த்தாள். "அமாவாசை எங்க முன்னோருக்கு விரத நாள், துவான். மீன், சிப்பி எதையும் தொட மாட்டோம். மறுநாள் வாங்க, தண்ணி அதைவிட வத்தும். அவ்வளவு பேர் இறங்குவோம், நிக்க இடம் இருக்காது!"

கைதட்டல். ஓவியப் பெண் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். பெர்ரியில் திரும்பும்போது அக்கா, "நல்லாப் பேசினேன் இல்லடி?" என்றாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த அமாவாசைக்கு மறுநாள் அக்கா சொன்னபடியே கம்பெனி ஆட்கள் கேமராவோடு வந்துவிட்டார்கள். அக்கா பட்டுப் புடவையில் இறங்கினாள், சேற்றில்! வழக்கமாக அவள் நிற்கும் மரக்கம்பத்தடியில் சிப்பி அதிகம். அன்று அவளுக்கு முன்னாலேயே போய் நான் அங்கே நின்றுகொண்டேன். கேமரா எங்கள் பக்கம் திரும்பியது. மற்ற நாளாக இருந்தால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பியிருப்பேன்.

"ஏய், நகருடி. அது என் இடம்."

"போட்டோவுல தலை எண்ணணுமாம்கா. நீ பின்னால நில்லு."

குனிந்து, பாதத்தால் தடவத் தொடங்கினேன். நகரவில்லை.