பெட்ரோல் வண்டிக்கு டீசல் பெட்டி

ரஹீனாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? பன்னிரண்டு வருடமாக மட்டாஞ்சேரிப் பிள்ளைகளை எறணாகுளம் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போய் இறக்குகிறவள். பஜார் ரோட்டில் மிளகு லாரிக்கும் சுவருக்கும் நடுவே, கண்ணாடி உரசாமல் வண்டியை உருவி எடுக்கிறவள். அவளைப் பார்த்து, கிளட்ச் மிதிக்கத் தெரியவில்லை என்கிறான் மெக்கானிக் மாரிச்செல்வம்.

அவளுடைய ஏழு சீட் பெட்ரோல் வண்டியில் போன வாரம் கியர்பாக்ஸ் பல் உடைந்தது. புதுசு வர நாளாகும் என்று மாரிச்செல்வம் ஆக்ரிக்கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், பழைய கியர் பெட்டி ஒன்றைப் பிடித்து மாட்டினான். பழைய சாமான் மாட்டுவதில் தப்பில்லை, மட்டாஞ்சேரியில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் அன்று முதல் ஃபர்ஸ்ட் கியரிலேயே வண்டி திணறியது, கிளட்ச் தீயும் நாற்றம் அடித்தது. திங்கட்கிழமை தோப்பும்படிப் பாலத்து ஏற்றத்தில், உள்ளே ஆறு பிள்ளைகள் இருக்க, வண்டி நின்று ஒரு முழம் பின்னால் உருண்டது. அந்த ஆறில் ஒரு பிள்ளையின் அம்மா ஜெயலக்ஷ்மி, பின்னால் ஸ்கூட்டரில் வந்து அதைப் பார்த்துவிட்டாள். மறுநாளே வேறு டிரைவர் தேடப்போவதாகச் சொன்னாள். ஒருத்தி விலகினால் மற்ற ஐந்து பேரும் விலகுவார்கள்.

மாரிச்செல்வத்திடம் கேட்டால் சிரிக்கிறான். ஒரே கம்பெனி, ஒரே மாடல், போல்ட் எல்லாம் கச்சிதமாகக் கூடியது, அப்புறம் என்ன குறை என்கிறான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், இத்தா."

ரஹீனா வண்டிக்கு அடியில் படுத்து, மொபைல் வெளிச்சத்தில் பெட்டியைப் பார்த்தாள். எந்த வண்டியில் கழற்றியது என்று ஆக்ரிக்கடைக்காரர்கள் மஞ்சள் பெயின்டில் எழுதிவைப்பது வழக்கம். பக்கவாட்டில் யாரோ அதைத் தேய்த்துத் துடைத்திருந்தார்கள். அடியில் மட்டும் 'டீசல்' என்று மலையாளத்தில் பளிச்சென்று இருந்தது.

டீசல் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும். அதற்குச் செய்த பெட்டியில் பற்களின் கணக்கே வேறு. அதைக் கொண்டுபோய்ச் சின்னப் பெட்ரோல் இன்ஜின் தலையில் கட்டினால், ஏற்றத்தில் முக்காமல் என்ன செய்யும்? கால் நுழைகிறதே என்று இரண்டு காலுக்கும் இடது செருப்பையே மாட்டிவிட்டு, நடக்கத் தெரியவில்லை என்று திட்டுவதா?

அடுத்த கடையில் கேட்டு, ஆறு பிள்ளைகளின் பாரத்துக்கு ஈடாக நாலு அரிசி மூட்டையை வண்டியில் ஏற்றினாள். ஜெயலக்ஷ்மியை போனில் வரவழைத்துப் பின் சீட்டில் உட்காரவைத்தாள். சாவியை மாரிச்செல்வத்திடம் நீட்டிவிட்டு, தான் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"பாலத்துக்கு விடுங்க, அண்ணே."

சாயங்கால நெரிசலில் வண்டிகள் ஏற்றத்தின் நடுவே நின்றன. முன்வண்டி நகர்ந்ததும் மாரிச்செல்வம் கிளட்சை விட்டான், இன்ஜின் அணைந்தது. மறுபடியும் அணைந்தது. மூன்றாம் தடவை வண்டி பின்னால் உருள, பதறி ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். பின்னால் ஹாரன்கள் அலறின.

"சேட்டா, உங்களுக்கும் கிளட்ச் சவிட்டத் தெரியாதோ?" என்றாள் ஜெயலக்ஷ்மி.

அவனை இறக்கிவிட்டு ரஹீனா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இன்ஜினை உறுமவிட்டு, ஹேண்ட்பிரேக்கை அங்குலம் அங்குலமாகத் தளர்த்தி, அந்தப் பொருந்தாத பெட்டியோடேயே வண்டியைப் பாலத்தின் உச்சிக்கு ஏற்றினாள். ஜெயலக்ஷ்மி குரலைத் தணித்து, நாளைக்கு எப்போதும்போல ஏழரைக்கே வந்துவிடுங்கள் என்றாள்.

"வரமாட்டேன். இந்தப் பெட்டியைக் கழட்டுற வரைக்கும் ஒரு பிள்ளையையும் இதுல ஏத்தமாட்டேன்" என்றாள் ரஹீனா.